தொட்டியும் சேர்த்தி

தக்காளி விலை இரண்டு மடங்கான அதே வாரத்தில், நகர மன்றத்தில் கஞ்சாவுக்கு எதிராகப் பேசிக்கொண்டிருந்த அரசு வக்கீலின் உச்சந்தலையில் கஞ்சாச் செடி ஒன்று முளைத்தது. ஊர் தக்காளியைப் பற்றித்தான் அதிகம் பேசியது. அவர் வாயைத் திறந்தாலே பாதி மன்றம் தூங்கிவிடும் என்பதால், முளைத்த வேளையைக் கண்ணால் பார்த்ததாகச் சொல்ல ஒருவர்தான் இருந்தார். "இந்த விஷச் செடியை வேரோடு பிடுங்காமல் ஓயமாட்டேன்" என்று அவர் மேசையைக் குத்தியபோது வழுக்கையின் நடுவே இரண்டு இலை எட்டிப் பார்த்ததாக முன்வரிசைத் தலைமையாசிரியர் பிற்பாடு சொன்னார். அதையும் இரண்டு நாள் யோசித்துவிட்டுத்தான் சொன்னார். பெரிய மனிதர்கள் தலையில் என்ன இருக்கிறது என்று ஆராய்வது மரியாதை இல்லை என்பது அவர் எண்ணம். ஆராய்ந்து பழக்கமும் இல்லை.

வக்கீலுக்கு ஊர் வைத்த பெயர் செக்ஷன். பால் திரிந்தால்கூட அது எந்த செக்ஷனில் வரும் என்று சொல்லக்கூடியவர். அவர் மனைவி தையல்காரி, கோர்ட்டுக்கான கறுப்பு அங்கிகளை மட்டும் தைப்பவள். அந்த ஊர் வக்கீல்கள் அத்தனை பேரின் முதுகளவும் அவளுக்கு மனப்பாடம். தோளில் சுருக்கு எவ்வளவு வைத்தால் கூனல் மறையும், எந்த வக்கீலுக்குத் தொப்பை இருக்குமிடத்தில் துணியைத் தாராளமாக விடவேண்டும் என்பதெல்லாம் அவளுடைய தொழில் ரகசியம். நாற்பது வயதில் அவள் விரல்களுக்குள் ஒரு நரம்பு நோய் குடிவந்தது. ஊசியைப் பிடித்தால் முழங்கை வரை நெருப்பு ஓடும். டாக்டர் கொடுத்த மாத்திரைகள் தூக்கத்தைக் கொடுத்தனவே தவிர விரல்களைத் திருப்பிக் கொடுக்கவில்லை. பாதி தைத்த அங்கிகள் அவள் அறை ஆணிகளில் கை இல்லாமல் தொங்கின.

அவளுக்கு ஒரே தம்பி, பூட்டு ரிப்பேர் செய்பவன். இந்த வலிக்கு அந்த இலை கேட்கும் என்று யாரோ சொல்ல, எங்கிருந்தோ ஒரு விதை வாங்கி வந்து, கடை மாடியில் கிடந்த சிமெண்டுத் தொட்டியில் ஊன்றினான். செடி ஒரு சாண் வளர்வதற்குள் போலீஸ் வந்தது. அக்காவுக்கு ஓர் இலைகூடப் போய்ச் சேரவில்லை. தகவல் கொடுத்தது யார் என்று ஊர் துப்புத் துலக்க வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று, செக்ஷனே அதைத் தெருமுனையில் நின்று பெருமையாகச் சொன்னார். வழக்கையும் தானே நடத்தினார். உறவுக்காரர் வழக்காயிற்றே என்று நீதிபதி தயங்கியபோது, "சட்டத்துக்கு மச்சான் கிடையாது" என்றார். கோர்ட்டே கைதட்டியது. பத்திரிகைகளில் படத்தோடு வந்தது. ஊரான் தலையில் மிளகாய் அரைத்துப் பேர் வாங்குகிறவர்களைப் பார்த்திருக்கிறோம். இவர் சொந்த மச்சான் தலையிலேயே அரைத்தார்.

அந்த ஒரு சாண் செடியை மட்டும் நிறுத்திருந்தால் அபராதத்தோடு போயிருக்கும். ஆனால் செக்ஷன் விடுகிற ஆளா? செடி என்றால் வேரும் சேர்ந்தது, வேர் என்றால் அது பிடித்திருக்கும் மண்ணும் சேர்ந்தது, மண் என்றால் அதைத் தாங்கும் தொட்டியும் சேர்ந்தது, ஒன்றாக வளர்ந்ததைப் பிரித்து நிறுப்பது சட்டத்தை ஏமாற்றுவது என்று அவர் வாதாடினார். இலவச சட்ட உதவிக்கு வந்த இளம் வக்கீல் ஒருத்தி, "ரொட்டி திருடினவன் கடையையும் சேர்த்துத் திருடினான்னு சொல்வீங்களா?" என்று கேட்டாள். கேட்டதோடு சரி. நாலு காவலர்கள் மூச்சு வாங்கத் தூக்கி, பழைய இரும்புக் கடைத் தராசில் தொட்டியை வைத்தார்கள். முப்பத்தைந்து கிலோ கஞ்சா என்று எழுதிக்கொண்டு, தம்பிக்குப் பத்து வருடம் கொடுத்தார்கள். அன்றிலிருந்து தையல்காரி தன் கணவனிடம் உப்பு, பருப்பு, சோப்பு தாண்டி எதையும் பேசவில்லை. செக்ஷன் இதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்.

மூன்று வருடம் கழித்து, ஊரே கஞ்சாவை அனுமதிக்கலாமா கூடாதா என்று தீர்மானிக்கப் போகிறது என்றார்கள். நகர மன்றத்தில் வேண்டும் என்போர் ஒரு பக்கமும் வேண்டாம் என்போர் ஒரு பக்கமும் உட்கார்ந்தார்கள். வேண்டும் பக்கத்துக்குச் சாராயக் கடை முதலாளி ஒருவர் தலைவர். சட்டம் வருவதற்கு முன்பே கடை பிடித்துப் பச்சைப் பெயிண்டும் அடித்துவிட்டவர். வேண்டாம் பக்கத்துக்கு இன்னொரு சாராயக் கடை முதலாளி தலைவர், அவருக்கு அப்படிக் கடை கிடைக்கவில்லை. குடித்துவிட்டுச் சாகிறவனைவிடப் புகைத்துவிட்டுச் சிரிக்கிறவன் மேல் என்று முதலாமவரும், இளைஞர் சமுதாயம் சீரழியும் என்று இரண்டாமவரும் உருகியபோது, ஆடு நனைகிறதே என்று இரண்டு ஓநாய்கள் இரண்டு பக்கமும் நின்று அழுவதுபோல இருந்தது. வயது வந்தவனின் உடம்பு அவனுக்கே சொந்தம் என்று பேராசிரியர் ஒருவர் சுதந்திரத்தைப் பற்றிப் பேசினார். தன் மனைவியைக் கார் ஓட்டக் கற்றுக்கொள்ள விடாதவர் அவர். வரிப்பணத்தில் சாலை போடலாம் என்றார் ஒருவர். அந்தச் சாலையில் மயக்கத்தில் வண்டி ஓட்டுவான் என்றார் மற்றொருவர். சிறையில் இடமில்லை என்றார் ஒருவர். பெரிய சிறையாகக் கட்டலாம் என்றார் சிமெண்டு வியாபாரி. டாக்டர் மட்டும் எழுந்து, பதினைந்து வயதில் புகைக்கத் தொடங்கிய தன் அக்கா மகன் இப்போது சுவரோடு பேசிக்கொண்டிருக்கிறான், எந்தப் பக்கம் ஜெயித்தாலும் அந்த வயதுப் பிள்ளைகள் கைக்குப் போகாமல் பாருங்கள் என்று மெல்லிய குரலில் சொன்னார். அதில் கைதட்டுவதற்கு இடம் இல்லாததால் எல்லோரும் தண்ணீர் குடித்தார்கள். 'வலியால் துடிக்கும் நம் சகோதரிகள்' என்ற வாக்கியம் இரண்டு பக்கமும் அடிக்கடி வந்தது. அதைக் கேட்கத் தையல்காரி ஒருநாள் படியேறி வந்து நின்றாள். உட்கார நாற்காலி போட ஒரு சகோதரனுக்கும் தோன்றவில்லை.

அப்படிப்பட்ட ஒரு நாளில்தான் செக்ஷனின் தலையில் செடி வந்தது. முதலில் தொப்பி போட்டு மறைத்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதைதான், ஒரு வாரத்தில் தொப்பியைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்தது. முடிதிருத்துபவரிடம் போனார். அவர் கத்தரியைக் கீழே வைத்துவிட்டு, "வெட்டினா இலை என் கடையில கிடக்கும், அது ஒரு குத்தம். வெட்டாம விட்டா பாத்தும் சொல்லலைன்னு இன்னொரு குத்தம். நீங்க இங்க வரவே இல்லைன்னு வச்சுக்கலாம் சார்" என்று கதவைத் திறந்துவிட்டார். டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, வேர் இரண்டு காதையும் சுற்றிக் கழுத்து வரை இறங்கிவிட்டது, பிடுங்கினால் செடியோடு நீங்களும் வந்துவிடுவீர்கள் என்றார். செக்ஷன் கஞ்சாவை எதிர்த்துப் பேசுகிற அன்றெல்லாம் செடி விரற்கடை அளவு வளர்ந்தது, பேசாத நாளில் வாடியது. வாயை மூடிக்கொண்டிருந்தால் பத்து நாளில் பட்டுப்போயிருக்கும். நுணலும் தன் வாயால் கெடும் என்பதைப் பள்ளியில் படித்து முழு மார்க் வாங்கியவர்தான் அவரும். ஆனாலும் மன்றத்தில் தினமும் பேசினார். வேண்டும் பக்கம் அவரை இயற்கையின் தீர்ப்பு என்றது, வேண்டாம் பக்கம் எதிரிகளின் சதி என்றது. இரண்டு மாதத்தில் எல்லோருக்கும் பழகிவிட்டது. அவருக்குப் பின்வரிசையில் உட்கார்ந்தவர்கள் மேடை தெரியவில்லை என்று இடம் மாறிக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

தையல்காரி ஒருநாள் சாப்பாடு பரிமாறிவிட்டு, நல்ல சேலையாக எடுத்துக் கட்டிக்கொண்டு, போலீஸ் நிலையத்துக்குப் போனாள்.

"எங்க வீட்ல கஞ்சா செடி வளருது சார்."

இன்ஸ்பெக்டர் பேனாவை எடுத்தார். "எதுலம்மா?"

"தொட்டியில."

"தொட்டி எங்க இருக்கு?"

"இப்ப சாப்பிட்டுக் கை கழுவிட்டு இருக்கும்."

இன்ஸ்பெக்டர் தினமும் அந்தச் செடிக்கு சல்யூட் அடித்துவந்தவர். தலையைச் சொறிந்துகொண்டு, "அம்மா, அவரு நம்ம அரசு வக்கீல்..." என்று இழுத்தார். அவள், "சட்டத்துக்கு மச்சான் கிடையாதாம் சார். புருஷன் மட்டும் உண்டா?" என்று கேட்டாள். இன்ஸ்பெக்டருக்குப் பதில் தெரியாதபோது எழுதிக்கொள்வதுதான் வழக்கம், எழுதிக்கொண்டார்.

வழக்கு அதே நீதிபதியிடம் வந்தது. அதே இரும்புக் கடைத் தராசு கோர்ட்டு முற்றத்தில் வந்து இறங்கியது. செக்ஷனே வாங்கிக்கொடுத்த தீர்ப்பின்படி செடி, வேர், வேர் பிடித்த மண், மண்ணைத் தாங்கும் தொட்டி, எல்லாம் சேர்த்து நிறுக்கவேண்டும். அங்கியோடும் காலணியோடும் செக்ஷனை ஏற்றி உட்காரவைத்தார்கள். எண்பத்து நாலு கிலோ. இந்த அளவுக்கு இருபது வருடம் என்று நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி சொன்னார். தையல்காரி பின்னால் ஒரு பெஞ்சில், மடியில் கைகளைச் சுருட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் புருஷனைச் சிறைக்கு அனுப்பும் ஆசை பெரிதாக இல்லை. அந்த மனிதரை மூன்று வருடத்துக்கு முன்பே மனதிலிருந்து அனுப்பியாயிற்று. தம்பி வீட்டுக்கு வரவேண்டும், அவ்வளவுதான் அவள் கணக்கு.

செக்ஷன் தராசின் மேலேயே எழுந்து நின்றார். "தொட்டி வேற, செடி வேற!" என்று கத்தினார். பிறகு மதியம் வரை வாதாடினார். எங்கே முளைப்பது என்பது செடியின் விருப்பம், தொட்டியின் குற்றமல்ல என்றார். மண் எங்கும் மண்தான் என்றார். ரொட்டி திருடியவன் கடையையும் சேர்த்துத் திருடியதாக எந்த நாகரிகச் சமூகமாவது சொல்லுமா என்று கேட்டுக் கண்ணீரும் விட்டார். மூன்று வருடத்துக்கு முன் அதைச் சொன்ன இளம் வக்கீல் வாசலோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். எதிர்ப்பிலேயே வளர்ந்த செடி, முதன்முறையாகத் தனக்காக ஒருவர் வாதாடுவதைக் கேட்டு அங்கேயே பூத்தது. அந்த மணத்தில் நீதிபதி காரணமில்லாமல் இரண்டு தடவை சிரித்தார். மூன்றாவது தடவை சிரிக்கப் போனவர் நிறுத்திக்கொண்டு, "அப்ப உங்க மச்சான் கேஸ்?" என்றார்.

தொட்டி வேறு என்றால் மச்சான் நிரபராதிக்குப் பக்கத்தில் வந்துவிடுவான், கைதட்டல் பொய்யாகிவிடும், பத்திரிகைப் படம் சிரிப்பாகிவிடும். தொட்டியும் சேர்த்தி என்றால் இருபது வருடம். செக்ஷன் மனைவியைப் பார்த்தார். அவள் தராசு முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருடத்தில் அவர் சட்டத்தைத் தவிர யாரையும் நேசித்ததில்லை என்று ஊர் நம்பியிருந்தது. அதைவிடத் தன் தோலை அதிகம் நேசித்தார் என்பது அன்று தெரிந்தது. "அதுக்கும் பொருந்தும்" என்றார். தையல்காரி அங்கேயே, அத்தனை வக்கீல்கள் நடுவில், வாய்விட்டு அழுதாள்.

தம்பி மறுநாளே வெளியே வந்தான். உள்ளே இருந்த மூன்று வருடமும் சிறைப் பூட்டுகளை அவன்தான் பழுது பார்த்தான் என்பதால் சிறை அதிகாரி அரைமனதோடுதான் அனுப்பினார். செக்ஷனுக்கு அபராதம் மட்டும் விதித்தார்கள். ஆனால் பிடிபட்ட செடி பிடிபட்ட செடிதானே? எரிக்க வேண்டும், அல்லது பத்திரமாக வைக்க வேண்டும். எரித்தால் அரசு வக்கீலும் எரிவார் என்று டாக்டர் சான்று கொடுத்தார். ஆகவே, நகர மன்றம் ஒரு முடிவுக்கு வரும்வரை செடியைப் புகார் கொடுத்தவரே பாதுகாக்க வேண்டும், வெயிலில் வைக்க வேண்டும், தண்ணீர் ஊற்ற வேண்டும், கூரையைத் தொடாதபடி அவ்வப்போது கிள்ளிவிட வேண்டும், வீட்டை விட்டு வெளியே கொண்டுபோகக் கூடாது என்று தீர்ப்பானது. கிள்ளியதை என்ன செய்வது என்று தீர்ப்பில் இல்லை. கேட்கவும் யாரும் விரும்பவில்லை. கோர்ட்டு கொடுத்த, வழக்கு எண் போட்ட அடையாளத் துணித் துண்டை அவர் சட்டைக் காலரில் தையல்காரியே தைத்துவிட்டாள். முதல் தையலுக்கு விரல் எரிந்தது. அதற்கடுத்த மாதம் அதே துண்டைப் புதுச் சட்டைக்கு மாற்றித் தைத்தபோது எரியவில்லை.

நகர மன்றம் இன்னும் முடிவுக்கு வரவில்லை. ஏழு வருடமாக இரு பக்கமும் பேசுகிறது. பச்சைப் பெயிண்டு அடித்த கடையில் இப்போது செருப்பு விற்கிறார்கள். டாக்டரின் அக்கா மகன் சில நாட்கள் சுவரை விட்டுவிட்டு மனிதர்களோடும் பேசுகிறான். தையல்காரியின் அறையில் கை இல்லாத அங்கி எதுவும் தொங்குவதில்லை, அக்கம்பக்கத்து ஊர் வக்கீல்களும் அளவு கொடுத்துவிட்டுப் போகிறார்கள். செக்ஷன் பால்கனியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். மன்றத்திலிருந்து அவரை ஓர் உரைக்குக் கேட்டு ஆள் வந்தால், இப்போதுதான் தண்ணீர் ஊற்றினேன், அசைக்கக் கூடாது என்று அவள் சொல்லி அனுப்பிவிடுகிறாள். நாளடைவில் அவருக்கே பேச்சு குறைந்து, கூடவே இலையும் குறைய ஆரம்பித்தது.

தம்பிதான் முதலில் கவனித்தான். "அக்கா, இந்த வாரம் இலை கம்மியா இருக்கே?"

அவள் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே, தலையைத் தூக்காமல், "அந்தப் பேப்பரை எடு. நேத்து பேராசிரியர் பேசினது முழுசா வந்திருக்கு. அத்தானுக்குக் கொஞ்சம் சத்தமா வாசிச்சுக் காட்டு" என்றாள்.

தம்பி வாசித்தான். இரண்டாவது பத்தியிலேயே செக்ஷன் நாற்காலியின் கையைக் குத்திக்கொண்டு, அபத்தம், அயோக்கியத்தனம், எந்த செக்ஷனில் இருக்கிறது இது என்று கத்த ஆரம்பித்தார். வெயில் நகர்ந்திருந்ததால், தம்பி ஒரு கையால் பேப்பரைப் பிடித்தபடி, மறு கையால் அவரை நாற்காலியோடு கொஞ்சம் கிழக்கே திருப்பி வைத்தான்.