ஊத்துக்கோட்டை டிக்கெட்

கொடியில் கிடந்த வீட்டுத் துணிகளைத் தூறல் வலுக்கும் முன் அள்ளிக்கொண்டு சாராள் உள்ளே வந்தபோது, வீட்டுக்குள் ஒரு பஸ் ஓடிக்கொண்டிருந்தது. துணி அலசும் நீலத் தொட்டிதான் பஸ். அதற்குள் ஒன்றரை வயது ரூபன், ஒரே பயணியாகக் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். கண்டக்டர் அவனுடைய அக்கா ஜெபா. நாலு வயசுக் கண்டக்டருக்குத் தோளில் அம்மாவின் பழைய ஹேண்ட்பேக் முழங்கால் வரை தொங்கியது. "ஊத்துக்கோட்ட, ஊத்துக்கோட்ட, உள்ள ஏறு, உள்ள ஏறு" என்று கூவிக்கொண்டே பயணியின் மடியில் டிக்கெட்டாகப் போட்டுத் தள்ளினாள். ரூபன் அதில் ஒன்றை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தான்.

சாராளுக்குச் சிரிப்பு வந்தது. பெற்றவளுக்கு வராமல் என்ன செய்யும்? அந்தச் சிரிப்பு பாதியில் இருக்கும்போதே டிக்கெட்டில் இருந்த எண்கள் கண்ணில் பட்டன. கையிலிருந்த துணிகள் அப்படியே தரையில் விழுந்தன.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்புச் சட்டங்களை வெல்டிங் செய்யும் கம்பெனி ஒன்று இருக்கிறது. அங்கே வேலை செய்கிறவர்களின் நீலச் சட்டைகளைச் சனிக்கிழமை சாயங்காலம் வாங்கி வந்து, ஞாயிற்றுக்கிழமை துவைத்து இஸ்திரிப் பெட்டி போட்டு, திங்கள் காலை ஷிஃப்ட் தொடங்குமுன் கேட்டில் சேர்ப்பது சாராளின் தொழில். யார் சட்டை யாரிடமிருந்து வந்ததோ அவரிடமே போக வேண்டும். கம்பெனிச் சட்டையில் மையால் எழுதவே கூடாது என்பது அங்கே கண்டிப்பு. வேறு யாராக இருந்தாலும் ஒரு சீட்டை ஊக்கால் குத்தி அனுப்பியிருப்பார்கள். எதையும் வாயில் வைக்கிற பிள்ளை இருக்கும் வீட்டில் ஊக்கு எதற்கு என்று சாராள் பயந்தாள். பழைய வெள்ளை பெட்ஷீட்டைத் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு காஜா எடுத்து, அழியாத மையில் அவரவர் நம்பர் போட்டு, சட்டையின் இரண்டாவது பொத்தானில் மாட்டிவிட்டாள். துண்டு சட்டையோடு சேர்ந்தே துவைபடும், சேர்ந்தே காயும், பெட்டி போட்டு மடித்த பிறகும் மேலே தெரியும். இந்த யோசனை தன் தலையில் உதித்ததில் அவளுக்கு அவ்வளவு பெருமை. கணவன் சாம்சனிடம் அதைத் திரும்பத் திரும்பச் சொல்லி அவன் காதைத் தேய்த்திருந்தாள். பிள்ளைகளைக் குத்தக் கூடாது என்று செய்த ஏற்பாடு, பிள்ளைகள் கழற்றுவதற்கும் அத்தனை வசதியாகிவிடும் என்பது மட்டும் அவள் புத்திக்கு எட்டாமல் போயிற்று.

ஓடிப் போய், காய்ந்ததும் எடுத்து அடுக்கியிருந்த கம்பெனிச் சட்டைகளைப் பார்த்தாள். ஒரு சட்டையிலும் நம்பர் இல்லை. எல்லாம் ஒரே நீலம், ஒரே காலர், பாக்கெட்டின் மேல் ஒரே முத்திரை. அளவுகூடப் பெரும்பாலும் ஒன்றுதான். எது யாருடையது என்று அவளுக்கு எப்படித் தெரியும்? சட்டைகளைத்தான் அவள் அறிவாள், அவற்றுக்குள் இருக்கும் ஆட்களைப் பார்த்ததே இல்லை. கேட்டில் ஸ்டோர்ஸ்காரர் தணிகாசலத்திடம் வாங்குவாள், அவரிடமே கொடுப்பாள், அதோடு சரி.

அன்றைக்குப் பார்த்துத்தானா இது நடக்க வேண்டும்? சாராள் முன்பு வேறொரு கம்பெனியில் மூன்று ஷிஃப்ட்டும் மாறி மாறிப் போய்க்கொண்டிருந்தவள். ரூபன் பிறந்ததும் நின்றுவிட்டாள். வந்த பி.எஃப். பணத்தை நகையாக்காமல் பெரிய வாஷிங் மெஷினும் பெட்டி போடும் மேஜையுமாக மாற்றினாள். யாரிடமும் கைநீட்டவில்லை. ஆரம்பாக்கத்து வாடகை வீட்டின் முன்னறைதான் அவளுடைய கம்பெனி. ஆர்டர் கிடைக்காமல் மெஷின் போர்வை போர்த்திக்கொண்டு கிடந்த மாதங்கள் உண்டு. ஃபோர்க் லிஃப்ட் ஓட்டும் சாம்சனின் சம்பளத்தில்தான் வீடு நடந்தது, அவனும் எவ்வளவுதான் இழுப்பான்? கடைசியில் இருவரும் ஒரு முடிவுக்கு வந்திருந்தார்கள். இந்த வெல்டிங் கம்பெனி வேலை நிலைத்தால் சரி. இல்லையென்றால் சாராள் பழைய கம்பெனிக்கே ஷிஃப்ட்டுக்குப் போவாள், ஜெபா அங்கன்வாடிக்குப் போவாள், ரூபன் ஊத்துக்கோட்டைக்குப் போவான்.

ஊத்துக்கோட்டையில் சாம்சனின் அக்கா எஸ்தர் இருந்தாள். தன் பிள்ளைகள் வளர்ந்து வேலைக்குப் போய்விட்டதால் வீடு வெறிச்சென்று இருக்கிறது, குழந்தையைக் கொடு, கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொள்கிறேன் என்று ஆசையாகக் கேட்டாள். அதுதான் கொடுமை. அவள் பொல்லாதவளாக இருந்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

தணிகாசலம் சனிக்கிழமையே சொல்லிவிட்டார், கொஞ்ச வாரமாக நடந்த பரீட்சை இந்தத் தடவையோடு முடிகிறது, திங்கட்கிழமை ஆமாம் இல்லை சொல்லிவிடுவேன் என்று. செவ்வாய்க்கிழமை எஸ்தர் வருவதாக இருந்தது. ரூபனின் சட்டைகளைச் சாராளே ஒரு பையில் அடுக்கிக் கதவோரம் வைத்திருந்தாள். முன்ஜாக்கிரதை என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். முன்ஜாக்கிரதையாவது ஒன்றாவது, பயம்தான்.

"இன்னாடி பண்ணி வச்சிருக்க?" என்று சாராள் போட்ட சத்தத்தில் பஸ் நின்றது. பயணி வீறிட்டு அழுதான். கண்டக்டர் அழவில்லை. ஹேண்ட்பேக்கை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "டிக்கெட்டும்மா" என்று மட்டும் சொன்னாள். சாராள் அடிக்கக் கை ஓங்கிவிட்டாள். அந்தச் சின்ன முகத்தைப் பார்த்து ஓங்கிய கையைத் தன் தலையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். தொட்டியில் கிடந்த துண்டுகளைப் பொறுக்கினால் அவற்றிலும் பாதியைக் காணோம். மிச்சம் எங்கே என்று கேட்டதற்குக் கண்டக்டர் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டாள்.

சாம்சன் வந்து விஷயத்தைக் கேட்டுக் கொஞ்ச நேரம் கன்னத்தைத் தேய்த்தான். பிறகு, ஏதாவது ஒரு நம்பரை மாட்டிக் கொடுத்துவிடு, மாறிப்போனால் அவர்களுக்குள் மாற்றிக்கொள்ளட்டும், நாம் சரியாகத்தான் கொடுத்தோம் என்று சாதித்துவிடலாம் என்றான். நல்லவன்தான், ஆனால் அவசரத்தில் அவனுடைய யோசனைகள் இந்த மாதிரிதான் இருக்கும். சாராளுக்கும் ஒரு நிமிஷம் சபலம் தட்டியது. அப்புறம் யோசித்தாள். ஒல்லியான ஒருத்தன் தொளதொளவென்று அடுத்தவன் சட்டையைப் போட்டுக்கொண்டு வெல்டிங் முன்னால் நிற்பான். பொறி உள்ளே விழும். வேண்டவே வேண்டாம்.

"பொய் சொல்லிப் பொழைக்கிறதுக்கு நான் ஷிஃப்டுக்கே போயிடுவேங்க" என்றாள். சொல்லிவிட்டுத்தான் ரூபனைப் பார்த்தாள். அவன் அழுத களைப்பில் தொட்டிக்குள்ளேயே தூங்கிப்போயிருந்தான்.

திங்கட்கிழமை காலை சாம்சன் முதல் ஷிஃப்ட்டுக்குப் போய்விட்டான். பிள்ளைகளை விட்டுப் போக ஆளில்லை. லோடு ஆட்டோவின் பின்னால் சட்டைக் கூடைகள், முன்னால் டிரைவர் பக்கத்தில் சாராள், மடியில் ரூபன், இடுக்கில் ஜெபா. வழியெல்லாம் என்ன சொல்வது என்று மனசுக்குள் கோத்துக்கொண்டே வந்தாள். கேட்டைப் பார்த்ததும் கோத்ததெல்லாம் உதிர்ந்துவிட்டது. தணிகாசலம் கண்ணாடியை மூக்கு நுனியில் இறக்கிவிட்டு நின்றுகொண்டிருந்தார். உள்ளே போகிறவர்கள் சட்டைக்காகச் சைக்கிள் ஷெட்டில் கூட ஆரம்பித்திருந்தார்கள்.

"சார், நம்பர் ஒண்ணுகூட இல்ல. கொழந்த வெளையாடிக்கினு கழட்டிட்டா. தோச்சது, பொட்டி போட்டது எல்லாம் சரியாத்தான் கீது. யாருது எதுன்னுதான் தெரியல" என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள்.

தணிகாசலம் ஒரு கூடையைத் திறந்து பார்த்தார், அடுத்ததையும் பார்த்தார். அவர் முகம் சிவந்தது.

"இன்னாம்மா, வெளையாட்டா? இப்ப ஷிஃப்டு ஆரம்பிக்கும். இத்தினி பேருக்கும் நான் இன்னா பதில் சொல்றது? கொழந்த குட்டிய வச்சுக்கினு இந்த வேலயெல்லாம் ஏம்மா எடுத்துக்கினு வர்றீங்க?"

மற்றதையெல்லாம் சாராள் பொறுத்துக்கொண்டாள். கடைசி வார்த்தை சுருக்கென்று தைத்தது. குழந்தை குட்டிக்காகத்தானே ஐயா எடுத்தேன் என்ற பதில் வாய் வரை வந்து நின்றது. முடிந்தது என்று நினைத்தாள். ரூபனைக் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

அப்போது நரைத்த மீசைக்காரர் ஒருவர் கூடையை எட்டிப் பார்த்தார். பெயர் குப்புராஜ், அங்கே பழைய வெல்டர். மேலே இருந்த இரண்டு மூன்று சட்டைகளைப் புரட்டி, ஒன்றை உருவி உதறினார்.

"இது என்துதான். தோ, வலது கைல பச்ச நூலு" என்றார்.

தணிகாசலம் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். முழங்கைக்குக் கீழே பொறி பட்டு விழுந்த ஓட்டைகள் வரிசையாகத் தைக்கப்பட்டிருந்தன, நல்ல கிளிப்பச்சையில்.

வெல்டிங் ஆட்களின் சட்டையில் ஓட்டை விழாமல் இருக்காது. அதைத் தைத்துக் கொடுக்கச் சொல்லி யாரும் சாராளிடம் கேட்டதில்லை, அதற்குக் கூலியும் இல்லை. ஓட்டையோடு மடிக்க அவளுக்குத்தான் மனசு வராது. பிள்ளைகள் தூங்கும் மதியத்தில், ஊசியில் எந்த நூல் கோத்திருக்கிறதோ அதிலேயே நாலு இழு இழுத்துவிடுவாள். ஜெபாவின் பாவாடைக்குக் கோத்த பச்சை, தலையணை உறைக்குக் கோத்த மஞ்சள், எதுவாயிருந்தாலும் சரி. நூலை மாற்றிக் கோக்க யாருக்கு நேரம் இருக்கிறது?

"இத எவன்டா தச்சதுன்னு நான் கேட்டுக்கினே கீறேன், ஒருத்தனுக்கும் தெரியல. நீதானாம்மா அது?" என்று கேட்டுவிட்டு, குப்புராஜ் பதிலுக்கு நிற்காமல் சட்டையை மாட்டிக்கொண்டார்.

அவ்வளவுதான். கூட்டம் கூடைகளை மொய்த்தது. சட்டைகளைச் சைக்கிள் ஷெட்டின் கம்பியில் வரிசையாகப் போட்டார்கள். ஒவ்வொருவனும் தன்னுடையதைக் கண்டுபிடித்த விதத்தைப் பார்த்துச் சாராளுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. தோளில் மஞ்சள் தையல் ஒருத்தனுக்கு. இடது மணிக்கட்டில் கறுப்பும் வெள்ளையுமாக ரெண்டு நூல் ஒருத்தனுக்கு. நெஞ்சுப் பாக்கெட்டில் ரோஸ் நூல் வாங்கியிருந்த அந்தோணி என்ற பையனை மற்றவர்கள் இதற்கு முன்பே போதுமான அளவு கேலி செய்திருந்தார்கள் போலிருக்கிறது, அவன்தான் முதலில் பாய்ந்து தன் சட்டையைப் பிடுங்கிக்கொண்டான். நான் என்று ஒருத்தன், இல்லை நான் என்று இன்னொருத்தன், அப்படி ஒரு தகராறும் வரவில்லை. தன் நெருப்பு எங்கே சுட்டது என்று சுடப்பட்டவனுக்குத் தெரியாதா?

சங்கு ஊதுவதற்குள் கம்பி காலியாகி, ஒரே ஒரு சட்டை மட்டும் தொங்கியது. அதில் தையலும் இல்லை, ஓட்டையும் இல்லை, எண்ணெய்க் கறைகூட இல்லை. எல்லோரும் தணிகாசலத்தைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"நெருப்பே காணாத சட்ட ஸ்டோர்ஸ்ல தான இருக்கும்" என்றார் குப்புராஜ்.

ஷெட்டே சிரித்தது. தணிகாசலம் சிரிக்காமல் இருக்கப் பெரும் பாடுபட்டார். சட்டையை எடுத்துப் போட்டு, பொத்தானை ஒவ்வொன்றாக மாட்டினார். இரண்டாவது பொத்தானில் கை வந்தபோது ஜெபாவைக் குனிந்து பார்த்தார். ஜெபா அம்மாவின் புடவைக்குப் பின்னால் ஒளிந்தாள்.

"நம்பர பொத்தான்ல மாட்டாதம்மா. காலர் உள்பக்கமா ரெண்டு தையல் போட்டு வுடு, வேணுன்னா பிரிச்சுக்கலாம். அடுத்த வாரத்துலேர்ந்து பெயிண்ட் ஷாப் ஆளுங்க துணியும் சேத்து எடுத்துக்கினு போ" என்றார். கொஞ்சம் தயங்கி, "கொழந்த குட்டின்னு சொன்னத மனசுல வச்சுக்காத" என்றும் சொல்லிவிட்டு விறுவிறுவென்று உள்ளே போய்விட்டார்.

திரும்பும்போது ஆட்டோவில் சாராள் அழுதாள். அப்படி ஒரு நிம்மதி. மாசக்கணக்காக நெஞ்சில் வைத்திருந்த பாரம் இறங்கினால் கண்ணில் வராமல் வேறெங்கே வரும்? டிரைவர் பதறிப்போய் என்னம்மா பேஜாரா என்று கேட்டார். தூசு விழுந்துவிட்டது என்றாள். ரூபன் அந்தத் தூசைத் தன் பிசுபிசுத்த கையால் துடைத்து அவள் கன்னமெல்லாம் பிஸ்கட் ஆக்கினான்.

வீட்டுக்கு வந்ததும் முதலில் எஸ்தருக்குத்தான் போன் போட்டாள். "அண்ணி, நாளைக்கு வாங்க. சாப்ட்டுட்டுப் போங்க. ரூபன அனுப்பல" என்றாள். எஸ்தர் தொட்டிலெல்லாம் கட்டி வைத்திருந்தாளாம். பிறகு பெருமூச்சு விட்டு, சரி, பிள்ளை அம்மாவிடம் இருப்பதுதான் நல்லது, முறுக்கு சுட்டு எடுத்து வரட்டுமா என்று கேட்டாள். சாராளுக்கு அவள்மேல் பிரியம் பொங்கியது. பெரிய டப்பா நிறைய எடுத்து வரச் சொன்னாள்.

அதன் பிறகு கதவோரம் இருந்த பையைத் தூக்கிப் பாயில் கவிழ்த்தாள். ரூபனின் சட்டைகளும் ஜட்டிகளும் பொத்தென்று விழுந்தன. அவற்றோடு வெள்ளைத் துணித் துண்டுகளும் பொலபொலவென்று கொட்டின. நேற்றிலிருந்து காணாமல் போயிருந்த நம்பர்கள். ஒவ்வொரு சட்டையின் மடிப்புக்குள்ளும் ஒன்றிரண்டாகப் பத்திரமாகச் செருகப்பட்டிருந்தன.

சாராள் மகளைக் கூப்பிட்டாள். இந்தத் தடவை சத்தம் போடவில்லை. ஜெபா பக்கத்தில் வந்து பாயில் கிடந்ததைப் பார்த்தாள், அம்மா முகத்தைப் பார்த்தாள்.

"போறதுக்கு ஒண்ணு போதும்மா. தம்பி திரும்பி வர்றதுக்குத்தான் நெறைய வச்சேன்" என்றாள்.

சாராள் அவளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். அப்புறம், "ஊத்துக்கோட்ட பஸ்ஸு இனிமே போவாதுடி கண்ணு. தம்பி இங்கதான் இருப்பான்" என்றாள். கண்டக்டர் அதை நம்புவதற்குச் சற்று நேரம் எடுத்துக்கொண்டாள். நம்பியதும் இறங்கிப் போய், டிக்கெட்டுகளையெல்லாம் பொறுக்கி அம்மாவின் கையில் கொடுத்தாள். இனி காலரில் தைக்கப்போகிற துண்டுகளின் பொத்தான் காஜாவை அடைக்கச் சாராள் ஊசியில் நூலைக் கோத்தாள். ரூபன் காலித் தொட்டிக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டு, பஸ் எப்போது கிளம்பும் என்று பார்த்துக்கொண்டிருந்தான்.