பூசுவதும் பொட்டு வைப்பதும்

கஞ்சி வடிக்கும்போது கையில் கொட்டிக்கொண்ட ஜபீன், தான் வேலை பார்த்து ஓய்வுபெற்ற அதே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஆட்டோவில் போனாள். கும்மிடிப்பூண்டி உருக்காலைப் புகை மூக்கில் ஏறியதுமே எரிச்சல் மறந்து, டாக்டர் ஸம்பத்குமார் ஞாபகம் வந்துவிட்டது. நல்ல காலம் ஐயா அது! மருந்து கொடுக்கும் ஜன்னல் இவளுடையது, பக்கத்து அறை அவருடையது. இவள் டப்பாவில் இறால் தொக்கு கொண்டுவருவாள்; திருமண் இட்ட நெற்றியைச் சுருக்கி அவர் மூக்கைப் பொத்திக்கொள்வார். ஆனாலும் பெரிய சண்டையெல்லாம் தீக்காயத்துக்குப் போடும் வெள்ளைக் களிம்புக்காகத்தான்.

ஆலைகளிலிருந்து யாராவது வெந்துபோய் வந்துகொண்டே இருப்பார்கள். ஜபீன் விரல் நுனியால் தொட்டுத் தடவுவாள். பழவேற்காட்டில் கடை வைத்திருந்த குடும்பம். கடைசிச் சரக்கைப் பதுக்கி வைப்பது ரத்தத்தில் ஊறியது. நாளைக்குப் பெரிய காயம் வந்தால் கையை விரிக்கக் கூடாதே!

"ஏம்மா, பூசறேளா, பொட்டு வைக்கறேளா?" என்பார் டாக்டர்.

"தீந்துட்டா நீங்களா குடுப்பீங்க? போங்க சார்!"

அரசாங்கம் அடுத்த வருஷம் எந்த மருந்தை வாங்குவது, எதை விடுவது என்று பேச ஒருமுறை திருவள்ளூரில் கூட்டம் போட்டார்கள். இருவரும் போயிருந்தார்கள். "இந்தக் களிம்பு உங்ககிட்ட பாதிகூட செலவாகலை. தேவையில்லைன்னுதானே அர்த்தம்? உங்க பக்கத்துக்கு நிறுத்திடலாம்" என்றார் அதிகாரி.

ஜபீன் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள். அடப்பாவமே, இருக்கட்டும் என்று சேர்த்து வைத்ததே இல்லாமல் ஆக்கப் பார்க்கிறதே!

"தேவையில்லாம மிச்சமாவல சார். தீந்துடும்னு பயந்துகினு நான்தான் மிச்சம் புடிச்சேன்" என்றாள். சபை கொல்லென்று சிரித்தது. அவளுக்கு அழுகை முட்டியது.

டாக்டர் எழுந்தார். "இவங்க கைதான் சிக்கனம், காயம் சிக்கனமில்லே. ஒரு வருஷம் கொடுத்துப் பாருங்கோ. மிஞ்சினா நிறுத்திடுங்கோ."

மறுநாள் உருக்காலைத் தொழிலாளி கலியன் வந்தான், தோளில் இரும்புக் குழம்பு தெறித்து. ஜபீன் பல்லைக் கடித்துக்கொண்டு டப்பாவுக்குள் கைவிட்டு அள்ளினாள்.

"இன்னாக்கா, இவ்ளோ அள்ற? நாளிக்கு இன்னா பண்ணுவ?"

"கம்முனு குந்து!"

கதவோரம் நின்ற டாக்டர் அடுத்த டப்பாவை எடுத்து அவள் பக்கத்தில் வைத்தார். அந்த வருஷம் களிம்பு பாதியிலேயே தீர்ந்து, மறுபடி கேட்டு வாங்கினார்கள். பிறகு அதை நிறுத்துவதாக யாரும் பேசவில்லை.

இப்போது அந்த ஜன்னலில் ஒரு புதுப் பெண். ஜபீனின் கையைப் பிடித்து, விரல் நுனியால் களிம்பைத் தொட்டு வைத்தாள். "ஸ்டாக் கம்மிம்மா, தீந்துடும்."

"ஏம்மா, பூசறேளா, பொட்டு வைக்கறேளா?"

சொன்ன பிறகுதான் அது யார் பேச்சென்று ஜபீனுக்கு உறைத்தது. டாக்டர் போய்ச் சேர்ந்து ஒரு வருஷமாகிறது. கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

"ரொம்ப எரியுதாம்மா?" என்று பதறிய பெண், டப்பாவுக்குள் கைவிட்டு அள்ளினாள்.