ஆறாவது மடை

வடிதாள்களில் கண்மாய்த் தண்ணீர் சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு பாட்டில் முழுதும் வடிய நாற்பது நிமிடம் ஆகும். ஆறு புனல்களையும் வரிசையாக நிறுத்திவிட்டு, தமிழ்வாணி இளங்கலை மாணவர்களின் விடைத்தாள்களைத் திருத்த உட்கார்ந்தாள். அவை அவளுடைய ஆய்வு நெறியாளர் அருள்பாண்டி சார் திருத்த வேண்டியவை. மதுரைக்கு வெளியே இருந்த அந்தக் கல்லூரியில், சார்மாரின் தாள்களை ஆய்வு மாணவர்கள் திருத்துவதை யாரும் ஒரு வேலையாகவே நினைப்பதில்லை.

பதினொரு மணிக்கு சார் வந்தார். மின்விசிறியைப் போட்டுவிட்டு மடிக்கணினியைத் திறந்தார். திருத்திய கட்டோடு அவள் மேசையருகே போனதும் திரையை லேசாகச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அவர் எப்போதும் செய்வதுதான். முன்பெல்லாம் அது அவள் கண்ணில் பட்டதே இல்லை.

"சார், அந்த ரெண்டாவது பேப்பர்..."

"ரிவ்யூல இருக்கும்மா. வந்தா நானே சொல்றேன்."

பதினான்கு மாதமாக இதே பதில். மழை பெய்தாலும் வெயில் அடித்தாலும் கட்டுரை ரிவ்யூவில்தான் இருந்தது. ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க வேண்டுமானால் அதற்கு முன் ஆய்விதழ்களில் இரண்டு கட்டுரைகள் வந்திருக்க வேண்டும் என்பது அங்கே விதி. ஒன்று வந்துவிட்டது. அவள் பதிவு செய்த ஆறு வருடம் மார்ச் முப்பத்தொன்றோடு முடிகிறது. அதற்குள் இரண்டாவதும் வராவிட்டால் பதிவு ரத்து. இன்னும் ஏழு வாரம்தான் இருந்தது. இதழுக்கே எழுதிக் கேட்கலாம் என்றால் அதற்கும் வழியில்லை. அந்த ஆய்வகத்தின் கட்டுரைகள் எல்லாம் சாருடைய மின்னஞ்சலிலிருந்துதான் போகும். எழுதியவர் சாருக்கு அனுப்ப வேண்டும், சார் இதழுக்கு அனுப்புவார், பதிலும் சாருக்குத்தான் வரும். எந்த இதழ் என்று கேட்டதற்கு, நல்ல இதழ் என்று மட்டும் சொல்லியிருந்தார்.

அவளுடைய சந்தேகம் சுபலட்சுமி மேல் விழுந்தது. சுபலட்சுமி ஆய்வில் சேர்ந்து ஒன்றரை வருடம்; கல்லூரிச் செயலாளரின் அண்ணன் மகள். ஒருநாள் தமிழ்வாணியின் நீலக் குறிப்பேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தாள். கேட்டதற்கு, சும்மா பார்த்தேன் என்றாள். சும்மா பார்க்க அது என்ன கல்யாண ஆல்பமா என்று தமிழ்வாணிக்கு எரிந்தது. அன்று மாலையே ஒரு பூட்டு வாங்கிவந்து தன் அலமாரியைப் பூட்டினாள். குறிப்பேட்டின் நடுவில் வடிதாள் துணுக்கு ஒன்றை வைத்து, காலையில் அது அதே பக்கத்தில் இருக்கிறதா என்று பார்த்தாள். அவனியாபுரம் பட்டறைகளின் கழிவுநீரை ஆராயும் ஜூனியர் முகேஷ், தினமும் அவளுக்கும் சேர்த்து டீ வாங்கி வருபவன், அவன் முன்னால்கூட வடிதாளில் தங்கிய தூளின் எடை எண்களை வாய்விட்டுச் சொல்வதை நிறுத்திவிட்டாள். இப்படி ஆகிவிட்டோமே என்று அவளுக்கே வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் பூட்டினாள்.

அந்த எண்கள் சும்மா வந்தவை அல்ல. மேலூர்ப் பக்கம் கல்குவாரித் தூள் கலக்கும் ஒரு கண்மாயின் ஆறு மடைகளில், மாதாமாதம் பத்தாம் தேதி தண்ணீர் எடுக்க வேண்டும். விடைத்தாள், சார் வீட்டு கேஸ் சிலிண்டர் பதிவு, சார் மகனின் பள்ளிக்கூட ப்ராஜெக்ட் என்று அவள் மாட்டிக்கொண்ட மாதங்களில் அம்மா ஒச்சாயிதான் எடுத்தாள். களையெடுப்புக்குப் போகாமல், விடியலில் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, பாட்டிலை மூன்று தரம் அலசி, குமிழி இல்லாமல் மூடி, கட்டைப்பையில் அடுக்கி, மாட்டுத்தாவணியில் பஸ் மாறிக் கொண்டுவந்து வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டுத் திரும்புவாள். ஐந்து மடைகளுக்குப் பேர் இருந்தது. தூர்ந்துகிடந்த ஆறாவது மடைக்கு வரைபடத்திலும் பேரில்லை, ஊரார் வாயிலும் பேரில்லை. அட்டவணையில் இடத்தைக் காலியாக விட முடியாது. தமிழ்வாணி அதில் 'ஒச்சாயி மடை' என்று எழுதிவைத்தாள். அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்றுதான் எழுதினாள். மாற்ற மனம் வரவில்லை.

பிப்ரவரிக் கடைசியில் ஆய்வேட்டின் வரைவை நூலகத்துக்குக் கொண்டுபோனாள். பிறர் எழுதியதை எடுத்துப் போட்டிருக்கிறதா என்று கணினியில் சோதித்து நூலகர் சான்று தர வேண்டும். பத்து சதவீதத்துக்கு மேல் ஒத்துப்போனால் ஏற்க மாட்டார்கள். நூலகர் பீமாராவ் அவளுடைய பென்டிரைவைச் செருகிவிட்டு டீ குடிக்கப் போனார். திரும்பி வந்து திரையைப் பார்த்தவர், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

"நாப்பத்தோரு பெர்சன்ட் காட்டுது. யாரு பேப்பர்லருந்தும்மா எடுத்த?"

"நான் யாருதையும் எடுக்கலண்ணே."

"எல்லாரும் இதத்தான் சொல்றாங்க," என்று திரையை அவள் பக்கம் திருப்பினார்.

மூன்றாவது அத்தியாயம் முழுவதும் சிவப்பாக இருந்தது. மடைகளின் பட்டியல் சிவப்பு. அதில் ஒச்சாயி மடையும் சிவப்பு. இவை எங்கிருந்து எடுக்கப்பட்டவை என்று ஓரத்தில் ஒரு கட்டுரையின் பேர் இருந்தது. அது வெளியாகி ஐந்து மாதம் ஆகியிருந்தது. எழுதியவர்கள் அருள்பாண்டி, சுபலட்சுமி. கட்டுரையின் கடைசியில், பொடி எழுத்தில், களப்பணியில் உதவிய தமிழ்வாணிக்கு நன்றி சொல்லியிருந்தார்கள்.

அவளுக்கு முதலில் நினைவுக்கு வந்தது அலமாரிப் பூட்டுதான். கட்டுரையைத் தன் கையாலேயே சாருக்கு அனுப்பிவிட்டு, குறிப்பேட்டுக்குக் காவல் இருந்திருக்கிறாள். ஆத்திரத்துக்கு முன்னால் அவமானம் வந்தது. பீமாராவ் வேறு, திருடியைப் பார்ப்பது போல அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். சுபலட்சுமியைப் பிடித்துக் கேட்டபோது, சார் ஒரு படிவத்தில் கையெழுத்துக் கேட்டார், போட்டேன், கட்டுரையைப் படிக்கக்கூட இல்லை என்றாள். அவள் பொய் சொல்வதாகத் தோன்றவில்லை. அதுதான் இன்னும் வலித்தது.

சார் மறுப்பார் என்று எதிர்பார்த்துப் போனாள். அவர் மறுக்கவே இல்லை. ஜூனில் சுபலட்சுமிக்குக் கல்லூரியிலேயே வேலை போட வேண்டியிருக்கிறது, கட்டுரை அவசரமாகத் தேவைப்பட்டது, செயலாளரே கேட்கும்போது தன்னால் என்ன செய்ய முடியும் என்று, பஸ் லேட்டான காரணத்தைச் சொல்வது போலச் சொன்னார். ஆய்வேட்டில் வரிகளைக் கொஞ்சம் மாற்றி எழுதி, அந்தந்த இடத்தில் அந்தக் கட்டுரையை மேற்கோள் காட்டிவிட்டால் சதவீதம் இறங்கிவிடும் என்றும் வழி சொன்னார்.

"சார், ஒச்சாயி மடைன்னு ஒரு மடையே கெடையாது. அது எங்கம்மா பேரு. தண்ணி எடுத்தது அவங்க."

சார் பேனாவை மூடினார்.

"இப்ப இருக்குல்லம்மா. வெளிநாட்டு ஜர்னல்லயே வந்துருச்சு. அம்மாட்ட சொல்லு, சந்தோசப்படுவாங்க. அந்தப் பேர மட்டும் மாத்திறாத, ரெண்டுலயும் ஒண்ணாதான் இருக்கணும்."

அப்படியானால் தன்னுடைய இரண்டாவது கட்டுரை என்ன ஆவது என்று கேட்டாள்.

"முகேஷ் பேப்பர ஏத்துக்கிட்டாங்க. அதுல அவன் பேருக்குப் பதிலா உன் பேரப் போட்டுறேன். அவனுக்கு இன்னும் மூணு வருசம் கெடக்கு. அவன்ட்ட இப்ப ஒண்ணும் சொல்ல வேணாம்."

விளாங்குடியில் வாடகைக்கு எடுத்திருந்த அறையில் உட்கார்ந்து கல்லூரி முதல்வருக்கு ஒரு புகார் எழுதினாள். நான்கு பக்கம் வந்தது. ஆனால் ஆய்வு மாணவர் கொடுக்கும் எந்த மனுவும் நெறியாளரின் கையெழுத்தோடுதான் மேலே போகும். கடிதம் அவளுடைய கைப்பையிலேயே கிடந்து ஓரங்கள் மடங்கின. இடையில் மார்ச் பத்து வந்தது. தண்ணீர் எடுக்கட்டுமா என்று அம்மா போனில் கேட்டாள். இனி வேண்டாம், வேலை முடிந்தது என்று சொல்லிவிட்டாள். மகள் டாக்டர் ஆகிவிட்டாள் என்றே அம்மா எடுத்துக்கொண்டு, களத்தில் நின்றவர்களிடமெல்லாம் சொல்வது போனில் கேட்டது. தமிழ்வாணி போனை வைத்துவிட்டு வெகு நேரம் அழுதாள்.

மார்ச் இருபதாம் தேதி, திருத்திய வரைவோடு மறுபடியும் நூலகத்துக்குப் போனாள். இந்த முறை பீமாராவ் முகம் தெளிவாக இருந்தது.

"ஏழுதான் வருது. அடுத்தவங்க உழைப்ப எடுத்தா பேரச் சொல்லிரணும்மா, அம்புட்டுதான்." முத்திரையைத் தேடிக்கொண்டே பட்டியலில் கண்ணை ஓட்டியவர் நிமிர்ந்தார். "ஆமா, எனக்கும் மேலூர்ப் பக்கந்தான். அது என்ன ஒச்சாயி மடை? நான் கேள்விப்பட்டதே இல்லையே."

"சார் கட்டுரைல இருக்குண்ணே," என்றாள்.

அவர் முத்திரையை அழுத்திக் குத்தினார்.

அன்று மதியம் ஆய்வகத்தில் சார் இல்லை. அச்சுக்குப் போகுமுன் எழுத்துப்பிழை பார்க்கச் சொல்லி மடிக்கணினியை அவளிடம் விட்டுப் போயிருந்தார். திரையில் அவனியாபுரம் பட்டறைகளைப் பற்றிய கட்டுரை இருந்தது. தலைப்புக்குக் கீழே அருள்பாண்டி, தமிழ்வாணி என்று இரண்டு பேர்கள். அவள் ஒவ்வொரு வரியாகப் படித்து வந்தாள். நல்ல கட்டுரை. பிழை அதிகமில்லை.

முகேஷ் தொட்டியில் பாட்டில்களை அலசி முடித்து, கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு வந்தான். அவளுக்கான டீயை மேசையில் வைத்தான்.

"அக்கா, எம் பேப்பர் போயி ஏழு மாசமாச்சு. சார் எதுவும் சொன்னாரா?"

"ரிவ்யூல இருக்காம்டா," என்றாள்.

அதற்குள் அவள் கை திரையைச் சுவர்ப் பக்கம் திருப்பியிருந்தது.