ஆளில்லாத தீவில் எர்மினியா

விளம்பரத்தில் அந்தத் தீவில் ஆளே கிடையாது. பதினான்கு ஹெக்டேர், வெண்மணல், பவளப்பாறை, விமான நிலையத்திலிருந்து ஒன்றரை மணி நேரப் படகுப் பயணம், சொகுசு விடுதி கட்ட ஏற்ற இடம், 'மனித நடமாட்டமற்ற அமைதி' என்றெல்லாம் போட்டிருந்தார்கள். அந்த அமைதியில்தான் எர்மினியாவும் அவள் புருஷன் அபுந்தியோவும் பத்தொன்பது வருஷமாகத் தேங்காய் பறித்து, கொப்பரை காயவைத்து, பன்றி வளர்த்து, வாரத்துக்கு மூன்று நாள் சண்டையும் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

இன்றைக்கு வாங்குகிறவர்கள் பார்க்க வருகிறார்கள். கூடவே நில அலுவலகத்து அதிகாரி அம்மாவும் வருகிறாள். தீவில் யாரும் குடியில்லை என்று அவள் எழுதிக் கொடுத்தால்தான் விற்பனை நடக்கும். தீவு முதலாளியின் கங்காணி செவெரோ மூன்று நாளைக்கு முன்பே வந்து கறாராகச் சொல்லிவிட்டான்.

"நாய், கோழி, துணிக்கொடி, ஒண்ணும் கண்ணுல படக்கூடாது. வீட்டைக் கேட்டா கொப்பரைக் கிடங்குன்னு சொல்லு. நீ கூலிக்கு வந்த படகுக்காரன், புரிஞ்சுதா அபுந்தியோ? வித்து முடிஞ்சா ஊர்க்கரையில உங்களுக்கு ஒரு வீட்டுமனை. முடியலைன்னா..."

மீதியை அவன் சொல்லவில்லை. பக்கத்துத் தீவில் காவலுக்கு இருந்த எலெவ்தெரியோ, போகமாட்டேன் என்று அடம்பிடித்தான். ஒரு வாரத்தில் அவனுடைய படகு மட்டும் கரை ஒதுங்கியது. அதை யாரும் யாருக்கும் நினைவுபடுத்த வேண்டியதில்லை.

கிணற்றுக்குப் பின்னால் அவர்களுடைய பிள்ளையைப் புதைத்த இடத்தில் ஒரு மரச்சிலுவை இருந்தது. நேற்று அதை அபுந்தியோவே பிடுங்கினான். "பத்திரமா வெச்சிருக்கேன் எர்மி, புது மனையில நட்டுக்கலாம்" என்றான். பிள்ளையை எங்கேடா நடுவாய் என்று கேட்க நாக்கு நுனி வரை வந்தது.

காலையில் அவளும் பன்றியும் அக்கரைக்குப் போய்விடுவதாக ஏற்பாடு. ஆனால் காற்று திரும்பி அலை எழும்பிவிட்டது. அக்கரைக்காரனின் சின்னப் படகில் பன்றிக்கோ அவளுக்கோ, ஒருவருக்குத்தான் இடம்.

"பன்னி கத்தும். நீ கத்தமாட்டே" என்று சொல்லி செவெரோ பன்றியை ஏற்றினான். அபுந்தியோ சிரித்தான். பயந்தவன் சிரிக்கிற சிரிப்பு அது. பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவையாக எர்மினியாவுக்கு ஒரு பன்றியின் மேல் பொறாமை வந்தது.

தோப்பில் ஒளிந்துகொள்ளலாம் என்றால் வாங்க வருகிறவர்கள் பறக்கிற கேமரா கொண்டுவருகிறார்களாம். ஆகவே தன் வீட்டுக்குள்ளேயே, அடுக்கி வைத்த கொப்பரை மூட்டைகளுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தாள்.

படகுகள் வந்த சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் கூரைக்கு மேலே அந்தக் கேமரா வண்டுபோல ரீங்கரித்துக்கொண்டு நின்றது. ஓலையின் ஓட்டை வழியாக அது தன்னைப் பார்க்கிறதோ என்று அவள் மூட்டையோடு ஒட்டிக்கொண்டாள். மூச்சை இழுக்கவும் பயம், விடவும் பயம். வேர்வை கண்ணுக்குள் இறங்கியது, துடைக்கக் கை வரவில்லை.

கேமரா போனது. பக்கத்துச் சுவரை ஒட்டி இரண்டு பேர் நிழலுக்கு வந்து நின்றார்கள். சிகரெட் வாசனை மூங்கில் தட்டி வழியாக உள்ளே வந்தது.

"ஏன்பா, இந்தத் தோட்டக்காரக் குடும்பத்துக்கு ஏதோ மனை தர்றதா பேச்சாமே? அது எங்க தலையில விழாதே?" என்று கேட்டது, வாங்க வந்த ஒருவரின் பட்டணத்துக் குரல்.

"எந்தக் குடும்பம் சார்?" செவெரோ சிரித்தான். "யாருமே குடியில்லைன்னு அந்தம்மா எழுதிட்டா, அப்புறம் யாருக்கு சார் மனை? ஆவிக்கா?"

இருவரும் சிரித்துக்கொண்டே நகர்ந்தார்கள். கத்தினால் எலெவ்தெரியோவின் கதி. கத்தாவிட்டால் வீடும் போச்சு, மனையும் போச்சு. எர்மினியா வாயில் துணியை வைத்துக் கடித்துக்கொண்டாள்.

"தாவோ போ!"

வாசலில் ஒரு பெண்ணின் குரல். மனுஷிதான் வந்திருக்கிறேன், வேறு எதுவும் இல்லை என்று அந்தத் தீவுகளின் பேச்சில் வீட்டுக்காரர்களுக்குச் சொல்லும் குரல். எந்த வீட்டு வாசலிலும் கேட்கிற குரல்தான். கேட்டதும் "உள்ள வாங்க" என்று பதில் சொல்லித்தான் அவளுக்குப் பழக்கம். தொண்டைவரை வந்த பதிலைத் துணியோடு சேர்த்து விழுங்கினாள்.

"தாவோ போ! நில அலுவலகத்துலேர்ந்து வந்திருக்கேன். யாராவது இருக்கீங்களா?"

"யாரும் இல்லைங்க மேடம். கிடங்குதான்." அது அபுந்தியோவின் குரல். அவன் தன் வீட்டு வாசலில் நின்று சொல்கிறான்.

"இருக்கட்டும். மூணு தடவை கூப்பிட்டாத்தான் எனக்கு மனசு ஆறும்." மூன்றாம் முறையும் கூப்பிட்டாள். பிறகு படியில் கால் வைத்தாள். மூங்கில் தரை கிரீச்சிட்டது. அவள் குரலைத் தாழ்த்தி, பாழடைந்த இடங்களில் கண்ணுக்குத் தெரியாதவர்களிடம் கேட்பதுபோல மன்னிப்புக் கேட்டாள்:

"இங்க குடியிருக்கிறவங்க கோவிச்சுக்காதீங்க. தெரியாம மிதிச்சுட்டா பொறுத்துக்கணும். கொஞ்சம் ஒதுங்கி வழி விடுங்க."

எர்மினியாவுக்கு மயிர்க்கால்கள் சிலிர்த்துவிட்டன. கிணற்றடியிலும் ஆலமரத்தடியிலும் அவளே எத்தனையோ தடவை சொன்ன வார்த்தைகள். இன்றைக்கு அவளுக்கே ஒருத்தி சொல்கிறாள். சாவு எதிரே வந்திருந்தால்கூட இவ்வளவு பயந்திருக்கமாட்டாள். உயிரோடு இருக்கும்போதே செத்தவளாகிவிட்டேனே என்பதுதான் அவளை உலுக்கியது.

"மனுஷிங்க!" என்று அலறினாள். "ஆவி இல்லைங்க, மனுஷிதாங்க இருக்கேன்!"

மூட்டை சரிந்து விழுந்தது. தலையெல்லாம் கொப்பரைத் தூசியோடு அவள் வெளியே வந்தபோது அதிகாரி அம்மா நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டிருந்தாள். செவெரோ ஓடிவந்தான்.

"கொப்பரை திருட வந்தவ மேடம்! அக்கரைத் திருட்டுக் கழுதை!"

"நான் உங்களைக் கேட்கலை" என்ற அதிகாரி, அபுந்தியோ பக்கம் திரும்பினாள். "தம்பி, நீங்க இந்தக் கடலுக்குப் பழகின ஆள்தானே. இவங்களை உங்களுக்குத் தெரியுமா?"

செவெரோ அபுந்தியோவின் தோளில் கையை வைத்தான். அபுந்தியோ எர்மினியாவைப் பார்த்தான், கடலைப் பார்த்தான். உதடு வெளுத்துப்போயிருந்தது.

"தெரியாதுங்க."

எர்மினியாவுக்கு அவன்மேல் கோபம்கூட வரவில்லை. கொஞ்ச நேரத்துக்கு முன்னால்வரை அதே பயத்தைத்தான் அவளும் துணியோடு கடித்துக்கொண்டிருந்தாள். ஆனால் உள்ளே ஏதோ ஒன்று அறுந்து விழுந்தது அவளுக்குத் தெரிந்தது.

அதிகாரி அம்மா காகிதத்தைப் பிரித்துப் பேனாவை எடுத்தாள். "பேர் என்னம்மா? எத்தனை வருஷமா இருக்கீங்க?"

சொன்னாள்.

"குடும்பத்துல எத்தனை பேர்?"

எர்மினியா அபுந்தியோவைப் பார்த்தாள். அவன் மணலைப் பார்த்துக்கொண்டு நின்றான். செவெரோவின் கை இன்னும் அவன் தோளிலேயே இருந்தது. அவள் அதிகாரியின் பேனாவைப் பார்த்துச் சொன்னாள்:

"ஒருத்திதாங்க. ஒருத்தின்னு எழுதிக்குங்க."