வங்கியில் விழுந்த மொய்

கேத்தரினுக்கு விசா கிடைக்காமல் போனதற்குக் காரணம் வேறு யாருமில்லை, பாசக்காரச் சொந்தங்கள்தான். கனடாவில் மகள் பிளசி மாசமாக இருக்கிறாள், தலைப்பிரசவம், கூடமாட ஒருத்தரும் இல்லை. விசாவுக்கு வங்கியில் பணம் காட்ட வேண்டும் என்று காதில் விழுந்ததுதான் தாமதம், பங்காளிகள் கூடிவிட்டார்கள். காதுகுத்துக்கு மொய் வைப்பதுபோல ஆளாளுக்கு ஒரு தொகையை அவள் கணக்கில் கட்டினார்கள். எல்லாரையும் கிளப்பிவிட்டவர் செத்துப்போன புருஷனுடைய அண்ணன் விக்டர். கணக்கு ஒரே வாரத்தில் மளமளவென்று ஏறியது. விசா அதிகாரி சும்மா விடுவாரா? இவ்வளவு பணம் எங்கிருந்து வந்தது என்று விளங்கவில்லையென எழுதி, மனுவைத் தூக்கிப் போட்டுவிட்டார்.

கேத்தரின் அழுது தீர்த்தாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு, எல்லார் பணத்தையும் திருப்பிக் கொடுத்தாள். பால் சொசைட்டிப் பணம் விழுகிற பாஸ்புக், மரவள்ளிக் கிழங்கு ஏற்றின சேகோ மில் ரசீது, நிலத்துப் பட்டா, பிளசி அனுப்பிய சம்பளச் சீட்டு எல்லாவற்றையும் பையில் திணித்துக்கொண்டு, மறுபடி மனுப் போடப் பாப்பிரெட்டிப்பட்டி கம்ப்யூட்டர் சென்டருக்குப் போனாள்.

"கம்மியாத் தெரியுதுங்கக்கா. பணம் காட்ட எனக்குத் தெரிஞ்ச ஆளு ஒருத்தரு..." என்று இழுத்தான் சென்டர்காரன் அர்ச்சுனன்.

"வாயை மூடு. செலவெல்லாம் என் மவ பாத்துக்கறா. எங்கிட்ட இருக்கறதத்தான் காட்டுவேன்."

"அப்பப் போனதரம் விழுந்த பணத்துக்குப் பதில் சொல்லணுங்க. நாங்கதான் போட்டோம், திருப்பி வாங்கிக்கிட்டோம்னு அவங்க எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரணும்."

எல்லாரும் போட்டார்கள். விக்டர் மட்டும் முறுக்கிக்கொண்டார்.

"வெச்ச மொய்யத் திருப்பி வாங்குனவன்னு ஊரே சிரிக்குது. அத வெளிநாட்டுக்காரனுக்கு வேற எழுதித் தரணுமா? முடியாதும்மா."

"நீங்க போடற வரைக்கும் நான் எந்திரிக்க மாட்டேங்க மாமா."

சொன்னவள் அவர் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். விக்டர் டிவியைச் சத்தமாக வைத்தார். பொழுது சாய்ந்தது. பக்கத்தில் அவள் வீட்டுக் கொட்டகையில் மாடு கத்தத் தொடங்கியது. மடி கனத்துப்போய்விட்டது, பாவம். ஆனாலும் கேத்தரின் அசையவில்லை.

"போயிக் கறம்மா. சொசைட்டில மூடிருவாங்க."

"மூடட்டுங்க."

மாடு மறுபடி கத்தியது. விக்டருக்கு இருப்புக் கொள்ளவில்லை. எழுந்தார், உட்கார்ந்தார், திரும்பவும் எழுந்தார்.

"அட, வாயில்லா ஜீவன இப்பிடியா கத்த வுடுவே? நெஞ்சுல ஈரமே இல்லியா ஒனக்கு?"

கேத்தரின் நிமிர்ந்து பார்த்தாள்.

"பக்கத்து வூட்டு மாடு கத்தறதே ஒங்களுக்குப் பொறுக்கல. அங்க என் புள்ள வலியில கத்தறப்ப, பக்கத்துல ஆருங்க மாமா இருக்கறது?"

விக்டர் டிவியை நிறுத்தினார். காகிதத்தை வாங்கிச் சுவரில் வைத்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கொட்டகைப் பக்கம் நடந்தார்.

கேத்தரின் பதறி எழுந்தாள். "நான் கறக்கறேங்க மாமா, நீங்க வுடுங்க!"

"நீ போயிட்டா நான்தான கறக்கணும்? வாளியக் குடு. இப்பவே அது என்னைய மோந்து பாத்துப் பழகட்டும்."