அச்சுக்கு முன் காட்டுவதில்லை

உள்ளே நுழையும் முன் லெகி தோளில் கிடந்த ராச்சுத் துண்டைச் சரிசெய்தாள். அது இல்லாமல் திம்புவில் எந்த அரசு அலுவலகத்திலும் விடமாட்டார்கள். கழுத்தில் புது நிருபர் அட்டை. போன மாதம்வரை அதைத் தந்தது அமைச்சகம். இப்போது நிருபர்களே சங்கம் கூடி, தங்களுக்குள் ஒரு குழு அமைத்து வழங்குகிறார்கள். பூட்டானின் நிருபர்கள் எல்லோரும் ஒரே கூடத்தில் அடங்கிவிடுவார்கள். ஆனாலும் முடிவெடுக்க நான்கு கூட்டம் ஆயிற்று. அச்சேறும் முன் செய்தியை அதிகாரிகளுக்குக் காட்டக் கூடாது என்பது முதல் விதி. அதை எழுதிக் கொடுத்தவளே லெகிதான்.

மேட்டுத்தெருத் தண்ணீர்த் தட்டுப்பாடு பற்றி முன்பு அவளிடம் பேசியிருந்த குடிநீர்ப் பொறியாளர் நாம்கே, அவள் எழுதிவந்த தாளைப் பார்த்ததும் கையை நீட்டினார். "கொண்டா, பாத்துத் தர்றேன்."

"இல்ல லா," என்றாள், பெரியவர்களிடம் சேர்க்கும் மரியாதைச் சொல்லோடு. "இனிமே காட்றதில்லன்னு முடிவு பண்ணியிருக்கோம்."

"யாரு?"

"நாங்கதான் லா."

"உங்கப்பாவும் நானும் ஒரே பெஞ்சு. நீ காட்டுவேன்னு நம்பித்தானே குழாய் சின்னதுன்னு சொன்னேன்? அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல?"

அவர் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை என்று அன்றே மனதுக்குச் சமாதானம் சொல்லியிருந்தாள். விதியை மீறவில்லை, ஆனால் அதை மறைத்து அவரைப் பேச வைத்திருக்கிறாள். வெள்ளிக்கிழமைச் செய்திக்கு அந்த ஒரு வாக்கியம்தான் உயிர்.

"தாளத் தரமாட்டேன் லா. நீங்க சொன்னத மட்டும் படிக்கிறேன். வேண்டாம்னா எடுத்துடறேன். சொல்லாதது என் தப்பு."

படித்தாள். அவர் பாக்கை மென்றபடி கேட்டார்.

"குழாய்ப் பேச்ச எடுத்துரு. எனக்கு இன்னும் ஆறு வருஷம் சர்வீஸ் இருக்கு."

அவர் கண்முன்னாலேயே அந்த வரியை அடித்தாள். அவர் வெற்றிலைப் பொட்டலத்தைத் தள்ளினார். ஒன்று எடுத்துக்கொண்டாள், அதற்கு விதி ஏதும் எழுதவில்லை.

மறுநாள் விடிகாலை ஐந்து மணிக்கே மேட்டுத்தெருப் பொதுக்குழாயடியில் கைக்கடிகாரத்தோடு நின்றாள். தண்ணீர் வந்தது ஆறே காலுக்கு, நின்றது ஏழுக்கு. பதினேழு கேன்களில் ஒன்பதுதான் நிறைந்தன.

காலிக் கேன்காரி ஒருத்தி அட்டையைப் பார்த்தாள். "இதக் காட்டினா தண்ணி வருமா?"

"வராதுக்கா. நான் பாத்தத எழுதலாம். உங்க பேரு போடலாமா? முன்னாடியே சொல்லிடறேன், அச்சாகறதுக்கு முன்னாடி காட்டமாட்டேன்."

"காட்டினாலும் எனக்குப் படிக்கத் தெரியாது," என்றாள் அவள். "பெம் லாமுன்னு போடு. தப்பா எழுதினா ஆபீசுக்கே வந்து கேப்பேன்."