எல்லாத் திரையிலும் ஓட்டைப்பல்

அலுவலகத்துக் கணினிகள் அத்தனைக்கும் ஒரே இடத்திலிருந்து விதி போடுவது அவர் வேலை. அதனால் சட்டாம்பிள்ளை என்றே பெயராகிவிட்டது. எந்தத் திரையில் என்ன படம் என்பதுகூட அவர் கையில்தான். அப்பேர்ப்பட்டவரிடம் போன வாரத்திலிருந்து மனைவி பேசவில்லை.

எல்லாம் அந்தப் படத்தால் வந்த வினை. மேலிடம் சொன்னபடி எல்லாத் திரையிலும் கம்பெனி முத்திரையை ஏற்றினார். கணக்குப் பிரிவில் இருக்கும் மனைவியின் திரையில், முன்பல் விழுந்த மகள் ஈயென்று இளித்துக்கொண்டிருந்தாள். அவளும் காணாமல் போனாள். மனைவி கேட்டதற்கு, "எல்லாருக்கும் ஒரே சட்டம்தான்" என்று பெரிய நீதிபதி மாதிரி சொல்லித் தொலைத்தார். அன்றிலிருந்து சாப்பாடு மேசைக்கு வரும், பேச்சு வராது.

மனுஷன் எத்தனை நாள் தாங்குவார்? ஒரு மாலை, மனைவியின் கணினிக்கு மட்டும் மகள் படம் வரும்படி ரகசியமாக ஒரு விதி எழுதினார். எந்தக் கணினிக்கு என்று குறிக்கும் இடத்தில்தான் கோட்டை விட்டார்.

மறுநாள் காலை வரவேற்பறையில் பாப்பா. கிடங்கில் பாப்பா. மேலாளரின் அறையிலும் பாப்பா.

"யோவ், யாருய்யா இந்தக் குழந்தை? என்னைப் பாத்து இளிக்குது!" என்று தொலைபேசியில் கத்தினார் மேலாளர்.

"வைரஸ் மாதிரி தெரியுது சார். இதோ பாத்துடறேன்."

பெற்ற மகளையே வைரஸ் ஆக்கியாயிற்று. விதியைத் திருத்தி, எல்லோரையும் கணினியை ஒருமுறை அணைத்துப் போடச் சொன்னார்; அப்போதுதான் புது விதி ஏறும். அறை அறையாகப் பாப்பா மறைந்தாள்.

மனைவியிடம் ஓடினால், அங்கே முத்திரை அசையாமல் இருந்தது. காலையிலிருந்தே அதுதான் என்றார் பக்கத்து மேசைக்காரர். ஊரெல்லாம் பார்த்த பிள்ளையைப் பெற்றவள் மட்டும் பார்க்கவில்லை!

"தினமும் கம்ப்யூட்டரை அணைக்கிறதானே?"

அவள் வாயைத் திறக்காமல் திரையின் பொத்தானை அமுக்கிக் காட்டினாள். திரை இருண்டது. மேசைக்கு அடியில் பெட்டி தன்பாட்டுக்கு உறுமிக்கொண்டிருந்தது. போன வாரம் மின்சாரம் போனபோது அது அணைந்ததுதான் உண்டு. முத்திரை ஏறியதும் அப்போதுதான்.

சட்டாம்பிள்ளை மேசைக்கு அடியில் தவழ்ந்துபோய்ப் பெட்டியை அணைத்துப் போட்டார். திரையில் மகள் வந்தாள்.

"எல்லாருக்கும் ஒரே சட்டம்னீங்க?" மனைவி குனிந்து அவரைப் பார்த்துச் சிரித்தாள்.

"உனக்கு மட்டும் மாத்திட்டேன்."

அவருக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். அடியிலிருந்து வெளியே வரக்கூடத் தோன்றவில்லை. அப்போது மேலாளர் அந்தப் பக்கம் வந்தார்.

"அடடா, இங்க மட்டும் வைரஸ் போகலையேம்மா!"

"வைரஸா? யாரு சார் சொன்னது?"

மேலாளர் மேசைக்கு அடியில் கையைக் காட்டினார்.

அன்றிரவு சாப்பாடும் மேசைக்கு வரவில்லை.